தானாக உதைத்த கால்

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்தேன். நீ பார்க்க வேண்டும் என்றுதான் தாளை மாற்றவில்லை. உன் மருமகள் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. மற்றபடி நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கால் விளங்காதது போல உன் மச்சான் நடிக்கிறாராம், அதனால் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதை நிறுத்துகிறார்களாம். ஆதாரம் ஒரு வீடியோ. போன மாதம் நீ பார்க்க வந்தாயே, நான் சமையலறைக்குப் போன நேரம் போர்வையை இழுத்து, அவர் கால் உதைத்ததைப் போனில் பிடித்தாயே, அதுதான். பழம் வாங்கி வந்த அதே கையால் படமும் எடுத்திருக்கிறாய். அந்த நேரத்தில் உனக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்!

ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டேன். கிடங்கில் சரக்கு லிஃப்டின் கதவுப் பூட்டு கெட்டிருக்கிறது என்று அவர் உன்னிடம் மூன்று தடவை சொன்னார். மேற்பார்வையாளர் நீதானே. நாளைக்குப் பார்க்கலாம் என்றாய். அன்று சாயங்காலமே லிஃப்ட் வராமலே அந்தக் கதவு திறந்து, இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தார். அவரை நடிகராக்கிவிட்டால் பூட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், இல்லையா?

நரம்பு டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "மூளையிலேருந்து வர்ற செய்தி தண்டுவடத்துல அறுந்துபோச்சும்மா. ஆனா காலை அசைக்கிற நரம்பணுக்கள் அதுக்குக் கீழே உயிரோடதான் இருக்கு. அதுங்க மேல செய்தியை வாங்கிக்கிற ஏற்பிகள்னு இருக்கு. முன்னாடி மேலேருந்து செரோட்டோனின்னு ஒரு ரசாயனம் வந்து தொட்டாத்தான் அதுல சிலது வேலை செய்யும். இப்ப அது வர்றதே இல்ல. அதனால யாரும் தொடாமலே தானா வேலை செய்யப் பழகிடுச்சு. போர்வை உரசினாப் போதும், கால் துள்ளும். அவருக்கே தெரியாது" என்றார். அடக்கி வைக்கிற ஏற்பிகளும் உண்டாம். அவர் சாப்பிடும் மாத்திரை அவற்றைத்தான் தூண்டுகிறதாம்.

யாரும் கூப்பிடாமலே வேலை செய்கிறது என்றதும், கூப்பிடாமலே போய்ச் சாட்சி சொன்ன உன் ஞாபகம்தான் வந்தது.

அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. முந்தாநாள் வெந்நீர் கொட்டிக் கொப்புளம் வந்தது. நான் பார்த்துச் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும், "விடு, உன் கூடப் பொறந்தவன். அவன் வேலை போயிடும்" என்கிறார். அவர் விடுவார். நான் விட மாட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. டாக்டரம்மா வருகிறார். மாத்திரையை அன்றைக்கு நிறுத்திவிட்டால் கால் இன்னும் பலமாக உதைக்குமே, உன் மூஞ்சி வரை எட்டுமே என்று கேட்டேன். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று திட்டினார். போகட்டும், மாத்திரை போட்டாலும் உதைக்கத்தான் செய்கிறது.

விசாரணையில் உன் மச்சான் கண்ணைக் கட்டிவிட்டு உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்ப்பார்களாம். விசாரணை அதிகாரியிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கீறுவது நீயாக இருக்க வேண்டும் என்றேன். சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நீ கீறுவாய். கால் உதைக்கும். எங்கே தொட்டார்கள் என்று அவரைக் கேட்பார்கள். இன்னும் யாரும் தொடவே இல்லையே என்பார். அதை எல்லார் முன்னாலும் உன் காதால் நீ கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பூட்டைப் பற்றிக் கேட்பார்கள்.

உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிடாதே, அண்ணா. உன் கால் இரண்டுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அன்றைக்கு நீ நடந்து வந்து எங்கள் முன்னால் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்