ஜீரோ பார்த்துக்கொள், நைனா

அன்புள்ள நைனா,

இதை நம் கோயில் பங்கு மடலுக்காக எழுதுகிறேன். நவம்பர் மாதம் இறந்தவர்களை நினைக்கும் மாதம் என்பதால், அவர்களுக்கு யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதித் தரலாம் என்று ஃபாதர் பூசையில் அறிவித்தார். ஊரே படிக்கப்போகிறது என்று நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். அது உனக்குத் தெரியும்.

முதல் செய்தி இது. மயிலாப்பூரில் நீ வேலை பார்த்த அதே பெட்ரோல் பங்கில்தான் இப்போது நான் நிற்கிறேன். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானதும், திரும்பப் போய் எழுத வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன் அல்லவா? பதினெட்டு முடிந்ததும் முதலாளியே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். உன் யூனிஃபார்ம் சட்டையைத்தான் அம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தது. எத்தனை முறை துவைத்தாலும் காலரில் பெட்ரோல் வாசனை போகவில்லை. எனக்கு அது உன் வாசனையாகவே இருக்கிறது.

ஒரு நாளில் முன்பின் தெரியாதவர்களிடம் நான் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்தான். "ஜீரோ பாத்துக்கோங்க சார்." ஆரம்பத்தில் அதுவும் வெளியே வரவில்லை. பக்கத்துப் பம்ப்பில் நிற்கும் சுமதி அக்கா என்னை விடமாட்டாள்.

"இன்னாடி, ரகசியம் சொல்றியா? மீட்டரு இன்னா உன் மாமியாரா? சத்தமா சொல்லு! உங்க நைனா சொன்னா லஸ் கார்னர் வரிக்கும் கேக்கும்."

உண்மைதான். "போடுப்பா, உன்ன நம்புறேன்" என்று போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரையும் நீ விட்டதில்லை. "நம்பாத சார், பாரு" என்பாய். அவர் தலையைத் திருப்பி மீட்டரைப் பார்க்கும்வரை உன் கை நாசிலை அழுத்தாது. பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்தாலும் அழுத்தாது.

அடுத்ததைச் சொல்வதற்கு முன்னால், நீ விழுந்த நாளை எழுத வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மே மாதம், பிற்பகல். மேற்கு வெயில் பங்க் கூரைக்குக் கீழே நுழைகிற நேரம். அந்த நேரத்தில் மேலே வெயில், கீழே தார், சுற்றிலும் வண்டிகளின் இன்ஜின். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். காலையிலேயே தலை சுற்றுகிறது என்று சுமதி அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். வீட்டில் சொல்லவில்லை. ஒரு வண்டிக்கு ஜீரோ காட்டிவிட்டு, நாசிலைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாயாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம் கேட்டார். "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடலையா?" பிறகு அவரே, "இந்த வெயில்ல நல்லா இருக்கறவங்களாலயே நிக்க முடியலம்மா. ரெண்டும் சேந்துடுச்சு" என்றார். ரெண்டும் என்று சொன்னதை நானும் கேட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையை இயற்கைக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது. அந்தப் பூசையில் மக்கள் சார்பாக ஒருவர் எழுந்து வாசிக்கும் மன்றாட்டை எழுதும் பொறுப்பு, நம் தெருக்காரர்கள் வாராவாரம் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கு வந்தது. அந்த வாரக் கூட்டம் ஆரோக்கியசாமி அங்கிள் வீட்டில். எண்ணெய்க் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், உனக்கு இந்த பங்கில் வேலை வாங்கிக் கொடுத்தவர். மாடி ஹாலில் ஏசி போட்டிருந்தார்கள். நானும் அம்மாவும் கதவோரம் உட்கார்ந்திருந்தோம்.

மன்றாட்டை எழுதி வந்தது பிரின்சி அக்கா. நீ இருந்தபோது கிறிஸ்துமஸ் நாடகத்தில் இறக்கை கட்டிச் சம்மனசாக நின்றுகொண்டிருப்பாளே, அவள்தான். இப்போது காலேஜில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். எழுந்து நின்று தெளிவாக வாசித்தாள். "எண்ணெய் நிறுவனங்களின் பேராசையால் உலகம் கொதிக்கிறது. அந்த வெப்பத்துக்குப் பலியான எங்கள் சகோதரர் சேவியருக்காகவும், அவரைப் போன்றோருக்காகவும் மன்றாடுகிறோம்."

உன் பெயர் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தது.

"இது ஜெபமா, போஸ்டரா?" என்றார் அங்கிள்.

"உண்மை, அங்கிள்."

"நீ எதுல வந்தம்மா?"

"ஸ்கூட்டில."

"அது எதுல ஓடுது? தீர்த்தத்துலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரின்சி அக்காவும் சிரித்தாள். அப்புறம் விடவில்லை. "சரி அங்கிள், நான் ஸ்கூட்டில வந்தேன், தப்புதான். பஸ்ஸ மட்டும் நம்பி இருந்தா நீங்க ஜெபம் முடிச்சப்புறம்தான் வந்திருப்பேன். ஆனா உலகம் சூடாகும்னு பெரிய பெரிய எண்ணெய்க் கம்பெனிங்களோட சொந்த விஞ்ஞானிங்களே அந்தக் காலத்துலயே சொல்லிட்டாங்க. அத உள்ள வெச்சுக்கிட்டு, வெளிய வந்து 'இன்னும் நிச்சயமில்ல, நிச்சயமில்ல'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் ஸ்கூட்டி வாங்கினதும் அவங்க மறைச்சதும் ஒண்ணா?"

"அது வெளிநாட்டுக் கதை. இங்க நாங்க என்ன, பேய் பிசாசா? ஆம்புலன்ஸ் ஓடறது, மீன்பிடி போட்டு கடலுக்குப் போறது, உன் காலேஜ் பஸ்ஸு, எல்லாம் யார் போட்ட எண்ணெய்? பூமி சூடாகும், ஆறும். ஆதியிலேர்ந்து அப்படித்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது உன் வாக்கியம், நைனா. டிவியில் வெயில் செய்தி வரும்போதெல்லாம், "பூமின்னா சூடாவும், ஆறும். இதுக்குப் போய் இன்னாத்துக்கு பெட்ரோல கொற சொல்றானுங்க? இவனுங்க இன்னா நடந்தா ஆபீஸ் போறானுங்க?" என்று நீ சொல்வாய். அது நீயாகச் சொல்வது என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

பேச்சு அதோடு நிற்கவில்லை. "சேவியர் வெயில்ல செத்தான்னு எழுதாதீங்க" என்றார் அங்கிள். "அவனுக்கு பிரஷர். மாத்திரை போடமாட்டான். எனக்குத் தெரியும், நானே திட்டியிருக்கேன்."

"வெயில்ல நின்னுதானே அங்கிள் விழுந்தாரு? ஏசி ரூம்லயா விழுந்தாரு?"

"அவன் சாவ வெச்சு நீ கட்சி கட்டற."

"நீங்க அவர் சாவையே இல்லன்னு ஆக்கறீங்க."

அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோல சமையலறைப் பக்கம் போய்விட்டது. நடுவில் உன்னை நிறுத்திக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுக்கிறார்கள், உனக்காகப் பேச அந்த ஹாலில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு உட்காரவும் வெட்கமாக இருந்தது.

"ஜீரோ காட்டுங்க" என்றேன்.

"என்னம்மா?" என்றார் அங்கிள். காது கேட்கவில்லையா, புரியவில்லையா, தெரியவில்லை. பங்கில் சொல்வதுபோல உரக்கச் சொன்னேன்.

"எங்க நைனா ஜீரோ காட்டாம யாருக்கும் போட்டதில்ல. நீங்க ரெண்டு பேரும் நடுவுலேர்ந்து மீட்டர் ஓட்றீங்க. அவரு மாத்திரையும் போடல. வெயிலும் அடிச்சிச்சு. டாக்டர் ரெண்டும்னு சொன்னாரு. அக்கா மாத்திரைய விட்டுட்டாங்க, நீங்க வெயில விட்டுட்டீங்க."

   ஆனால் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

"அங்கிள், அக்கா சொல்றாங்களே, கம்பெனிக்கு முன்னாடியே தெரியும்னு. அது நெஜமா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்மா" என்றார்.

அதற்குமேல் கூட்டம் நடக்கவில்லை. மன்றாட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது திருத்திக்கொடுங்கள் என்று சொல்லி, அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்தார்கள். படியிறங்கும்போது பிரின்சி அக்கா முகம் சிவந்திருந்தது. "நான் உன் பக்கம்தானே பேசினேன், ஜெசி? நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நான் அம்மா பின்னாலேயே இறங்கிவிட்டேன்.  தெருமுனை வந்ததும் அம்மா, "இம்மா நாளா இந்தக் கொரல எங்கடி வெச்சிருந்த?" என்றது.

வெள்ளிக்கிழமை அங்கிள் பெட்ரோல் பங்குக்கு வந்தார். ஆள் இல்லாத பம்ப் இருந்தும் என் வரிசையிலேயே நின்றார். முறை வந்ததும், நான் சொல்வதற்கு முன்பே மீட்டரைக் குனிந்து பார்த்தார்.

"ஜீரோ பாத்துட்டேன்மா."

நான் போட ஆரம்பித்தேன். எண்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு பேசினார். "நீ கேட்டது மனசுல நிக்குது. கம்பெனிக்குத் தெரியுமான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா ஆபீஸ் கூட்டத்துல மேல இருக்கறவங்க வந்து பேசுவாங்க. 'வெளிய யாராவது கேட்டா, பூமி எப்பவும் சூடாகும் ஆறும்னு சொல்லுங்க'ன்னு. நல்லா இருந்துச்சு கேக்க. நானும் நம்பிட்டேன். நான்தான் அத உங்கப்பாகிட்டயும் சொன்னேன். இப்ப ரெண்டு மூணு வருஷமா மாடிக்கு ஏறினாலே மூச்சு வாங்குது. வயசுன்னு நெனச்சேன், வெயிலும்தான் போல."

 "டேங்க் மூடி மூடிக்கோங்க அங்கிள்" என்றேன்.

கிளம்புமுன் இன்னொன்று சொன்னார். "கம்பெனிக்காரன்னு பிரிச்சு எழுதாதீங்கம்மா. அதுல நானும் இருக்கேன், உங்கப்பாவும் இருக்கான். எங்களையும் சேத்து எழுதுங்க. எழுதினா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவர் போனதும் சுமதி அக்கா, "இன்னாடி, பெருசு இம்மா நேரம் பேசிக்கினு கீது? மைலேஜ் கொடுக்கலையாமா?" என்றாள். சிரித்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பிரின்சி அக்கா வீட்டுக்கு நானே போனேன். அங்கிள் சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னேன். "வெயில் ஏறுதுக்கா. நான் நிக்கிற எடத்துல நின்னு பாத்தா அதுல சந்தேகமே வராது. மறைச்சவங்க மறைச்சது தப்புதான். ஆனா எங்க நைனாவ வெச்சு ஆரம்பிக்காத." அவள் எழுதிய தாளை எடுத்து வந்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். கிளம்பும்போது உன் பெயரை எடுத்துவிடச் சொல்லியனுப்பியது அம்மா. "அவரு பேரு சண்டைக்கு வேணாம். வெயில்ல நின்னு வேல செய்ற எல்லாருக்கும்னு போடு. அதுல அவரு வந்துடுவாரு" என்றது. வாசிப்பது நான்தான் என்று பிரின்சி அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் மைக் முன்னால் நின்றேன். வாசித்தது இதுதான்: "வெயிலில் நின்று உழைக்கும் எல்லோரையும், அப்படி உழைத்து மறைந்தவர்களையும் நினைத்தருளும். எண்ணெயை எடுக்கிறவர்களும் விற்கிறவர்களும் ஊற்றுகிறவர்களும் எரிக்கிறவர்களுமான எங்களுக்கு, தெரிந்ததை மறைக்காமல் தெரிந்தபடி சொல்லும் மனதைத் தாரும்." குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் அங்கிள் தலை குனிந்து, 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று எல்லோரோடும் பதில் சொன்னது மட்டும் தெரிந்தது.

இதனால் எதுவும் மாறிவிடவில்லை, நைனா. மறுநாள் காலை நான் அதே பம்ப்பில்தான் நின்றேன். வண்டிகள் அதே மாதிரி வந்தன. அங்கிளும் பிரின்சி அக்காவும் அதே மாடி ஹாலில் நடந்த அடுத்த கூட்டத்திலேயே மறுபடி சண்டை போட்டார்கள், எலக்ட்ரிக் வண்டிக்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று. ஆனால் அவர் வீட்டு ஏசியை அணைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள். ஜன்னலைத் திறந்ததில் கடல்காற்று வந்தது. கொசுவும் வந்தது.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த வாக்கியத்தை நீ நிஜமாகவே நம்பினாயா? அல்லது, நம்பாவிட்டால் அந்த யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு போக முடியாது என்று நம்பினாயா? உனக்கு முழுதும் தெரிந்திருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பாயா? எந்த வேலைக்கு? இதை நான் குறையாகக் கேட்கவில்லை. அதே சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் தினமும் காலையில் என்னைக் கேட்டுக்கொள்கிறேன், அதனால் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அன்று காலை தலை சுற்றியதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை? பார்க்காத கஸ்டமருக்கெல்லாம் ஜீரோ காட்டிய நீ, எங்களுக்கு ஏன் காட்டவில்லை?

நான் அப்படிச் செய்யமாட்டேன். எனக்குத் தலை சுற்றினால் வரிசை எவ்வளவு நீளம் இருந்தாலும் நாசிலை மாட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுவேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். வாயைத் திறந்து, என் குரலில், சத்தமாக. மேற்குப் பக்கத்துக்குத் தார்ப்பாய் ஒன்று கட்டித் தாருங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். நாளைக்கும் கேட்பேன்.

கல்லறைத் திருநாளுக்கு டூட்டி மாற்றி வாங்கியிருக்கிறேன். நீ டூட்டி முடிந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தால் மெழுகுவர்த்தியைத் தொடமாட்டாய். "சட்டையில பெட்ரோல் கீது" என்று தள்ளி நின்றுகொண்டு என்னை ஏற்றச் சொல்வாய். போன வருஷம் நானும் அப்படித்தான் யூனிஃபார்மோடு தள்ளி நின்றேன், அம்மாதான் ஏற்றியது. இந்த வருஷம் வீட்டுக்குப் போய், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வருவேன். உன் மெழுகுவர்த்தியை நானே ஏற்றுவேன். காற்றில் அணைந்தால் மறுபடி ஏற்றுவேன்.

இப்படிக்கு,
உன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும் உன் மகள்,
ஜெசிந்தா