உள்ளேயும் சாவி கேட்கும் பூட்டு

செவ்வாய், இரவு.

வெளிக்கதவு விஷயம் ஒருவழியாக முடிந்தது. மழையில் ஊதிப்போன பலகைக் கதவை எடுத்துவிட்டு இரும்புக் கதவு போடுவதில் எல்லோருக்கும் சம்மதம். பூட்டில்தான் தகராறு.

மாமா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகிறது. அது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் எடுக்கும் இடத்துக்கு, நேரமாகிவிட்டதென்று மலைக்குக் கிளம்பிவிடுகிறார். போன வாரம் தேயிலைக்குள் விழுந்து கிடந்தார்.

அதனால் தலவாக்கலைக் கடையில், உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டை என் மனைவி சரோஜா கேட்டாள்.

"சாவி என்கிட்ட இருந்தா அப்பா எப்படிப் போவாரு?"

மண் சரிந்த லயன் வீடுகளுக்குச் செய்தி எடுக்கப் போனவன் நான். ராத்திரியில் மண் இறங்கினால் இருட்டில் சாவி தேட அவகாசம் இருக்காது. உள்ளே கையால் திருகித் திறக்கும் பூட்டு போதும் என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "ரெண்டுக்கும் துளை வேறங்க. கதவுல வெட்டிட்டா மாத்த முடியாது. வீட்டுல சண்டைய முடிச்சிட்டுப் போன் பண்ணுங்க சார்."

மாலையில் மாமாவிடம் கதவைப் பற்றிச் சொன்னேன்.

"இரும்பா? நல்லது மாப்புள. காலையில மட்டும் தொறந்து விட்டுருங்க. பெரட்டுக்குப் பிந்துனா கண்டாக்கு ஐயா வேல குடுக்காம திருப்பி அனுப்பிருவாரு."

சரோஜா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திருகு பூட்டுக்கே துளை வெட்டச் சொல்லிக் கடைக்குப் போன் செய்தேன். காலையில் மாமாவோடு பெரட்டுக்களம் வரை நடந்து, அழைத்துவருவது என் பொறுப்பு.

"எத்தன நாளைக்கு உங்களால முடியும்?" என்றாள் சரோஜா.

தெரியவில்லை. இப்போது தூங்கினால்தான் அவருக்கு முன்னால் எழ முடியும்.