மின்னி எந்தச் சாமியைக் கும்பிடுவாள்?

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.6.88

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் நலம் கேட்கிற நிலையில் நான் இல்லை. கோயிலில் காது குத்தக் கூடாது, ஞானஸ்நானம்தான் என்று நீங்கள் குதித்ததும், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கம் கிடக்கட்டும். எழுதுவது பாப்பாவுக்காக. நீங்கள் தினமும் சொன்ன மின்னி கதை பாதியில் நிற்கிறதாம். நான் சொன்னால், "நீ சொல்ற மந்திரம் பூராம் தப்பு" என்று ஒரே அழுகை. மீதியை எழுதி அனுப்புங்கள்.

அழகுத்தாய்

இராஜபாளையம்
10.6.88

அன்புள்ள அழகுக்கு,

ஷிப்ட் முடிந்து வெறும் வீட்டுக்கு வர மனசே இல்லை. நீ சௌக்கியமா?

பாப்பாவுக்கு வாசித்துக் காட்டு. மின்னியின் அம்மா நுரையர் குலம், ஆற்றைக் கும்பிடுகிறவர்கள். ஆற்றுப் பாஷையில் மந்திரம் சொன்னால் ஓடுகிற தண்ணீர் நிற்கும். அப்பா கனலர் குலம்; நெருப்பைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் மந்திரத்துக்குக் கல்லும் விளக்காக எரியும். மின்னிக்கு இரண்டும் வரும். ஒருநாள் இரு குலத்தாரும் கூடி, "ஒரு சாமியைத்தான் கும்பிடணும். விட்ட சாமியோட பாஷை மறந்துபோகும்" என்று சொல்லிவிட்டார்கள். மின்னி நெருப்பின் முன்னே மண்டியிட்டாள். ஆற்றுப் பாஷை மறந்துபோயிற்று. சுபம்.

தவசிமுத்து

ஸ்ரீவில்லிபுத்தூர்
15.6.88

பாப்பாவின் அப்பாவுக்கு,

சுபமாம், சுபம்! யாரைக் குத்துகிறீர்கள் என்று தெரியாத மக்கா நான்?

என் கோபம் இருக்கட்டும். வாசித்து முடித்ததும் பாப்பா கேட்டாள்: "ஏம்மா, மின்னியோட அம்மாவுக்கு ஆத்துப் பாஷைதான தெரியும்? அவிய கூப்பிட்டா மின்னிக்கு வெளங்குமா?"

அன்றிலிருந்து நான் என்ன சொன்னாலும், சாப்பிடக் கூப்பிட்டால்கூட, "வெளங்குதும்மா, வெளங்குதும்மா" என்கிறாள். கதை கட்டினவர் நீங்கள். நீங்களே பதில் சொல்லுங்கள்.

அழகுத்தாய்

இராஜபாளையம்
18.6.88

என் அழகுக்கு,

கடிதத்தை மில் வாசலில் வைத்தே பிரித்தேன். நம் சண்டையை அந்தச் சின்னத் தலையில் ஏற்றிவிட்டேனே, பாவி நான்!

வருகிற 26ஆம் தேதி ஞாயிறு முதல் பஸ்ஸில் வாரேன். காது குத்த நாள் பார். உன் அண்ணன் மடியில் பிள்ளை உட்காரட்டும். நான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தவசி

ஸ்ரீவில்லிபுத்தூர்
21.6.88

அன்பு மச்சானுக்கு,

முதல் பஸ் வேண்டாம். எனக்காக ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு வந்தால் அது என்ன நியாயம்? முடித்துவிட்டு மத்தியானம் வாருங்கள். அப்படியே ஞானஸ்நானத்துக்கும் பாஸ்டர் ஐயாவிடம் ஒரு தேதி கேட்டு வாருங்கள். வெள்ளைக் கவுன் நானே தைக்கிறேன்.

கதையின் முடிவைப் பாப்பா மாற்றிவிட்டாளாம். நீங்கள் வந்த பிறகுதான் சொல்வாளாம். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், என்னிடமும் சொல்லவில்லை.

உங்கள் அழகு