ஏழாவது வளைவில் வந்த கை

மார்ச் 3, ஞாயிறு

பூஞ்சணம் பிடித்த திரைச்சீலை ஒன்றை எலும்பு என்று நாங்கள் கூப்பிடும் சங்கத்து நண்பன் இன்று மோந்து பார்த்தான். மூக்கை உள்ளே புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு. "அதே வாடைடா! பேய் பங்களாவுக்குள்ள நுழைஞ்ச உடனே வருமே, அதேதான்!" பிறகு வரிசையாக எட்டுப் பேர் மோந்தார்கள். வளர்ந்த ஆண்கள். இரண்டு பேருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாவது ஆளாக நானும் மோந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். எலிப்புழுக்கை வாடை.

பொழுதுபோக்குப் பூங்காவை இடித்து ஆறு வருடம் ஆகிறது. பேய் பங்களாவின் மிச்சம் மீதி எல்லாம் எங்கள் ரசிகர் சங்கத்தில்தான் இருக்கிறது. எலும்புக்கு எலும்புக்கூடுகள் (அவனும் அப்படித்தான் இருப்பான்). செயலாளருக்குச் சீட்டுகளும் பலகைகளும். எனக்குக் கை மேல்தான் பித்து.

இருட்டில் பெட்டி வண்டி ஏழாவது வளைவில் திரும்பும்போது பின்கழுத்தில் ஒரு ஈரக் கை படும். பனிக்கட்டி மாதிரி. மற்றதெல்லாம் அட்டையும் பஞ்சும், பார்த்தால் சிரிப்புதான் வரும். அந்தக் கைக்கு மட்டும்தான் எல்லாரும் அலறினோம். இடித்தபோது அது யார் கையிலும் சிக்கவில்லை. எப்படி இயங்கியது என்று தெரிந்த ஒரே ஆள் நான். பதினாலு வயதில் சட்டையில் ஊக்கு ஒன்றை ஒளித்துக்கொண்டு போய், கை வந்ததும் பிடித்து ஒரே குத்து. ஸ்ஸ்ஸ் என்று காற்று இறங்கியது, கை உள்ளே ஓடிவிட்டது. காற்றடைத்த ரப்பர் கை. வரைபடமே போட்டிருக்கிறேன், சங்கச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இன்றும் கதையைச் சொல்லச் சொன்னார்கள். அதே இடத்தில் சிரித்தார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

துணி அலமாரியில் ஒரு மண்டை ஓட்டை வைத்தது என் தப்புதான். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்பாங்க. நான் பேய் பொம்மைக்கு வாக்கப்பட்டிருக்கேன், ஏற மரம்கூட இல்ல" என்றாள் மனைவி.

மார்ச் 10, ஞாயிறு

கை கிடைத்துவிட்டது! செயலாளருக்குத் தெரிந்த ஒருவரிடம் இருந்தது. 'இதய நோயாளிகள் உள்ளே வர வேண்டாம்' பலகையையும் சிவப்பு லாந்தரையும் கொடுத்து வாங்கினேன். ரப்பர் இளகி எண்ணெய் கக்குகிறது. தொட்டால் சளியைத் தொட்ட மாதிரி இருக்கிறது. சோப்பு போட்டு இரண்டு முறை கழுவியும் விரலில் பிசுக்கு போகவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் எனக்கு லென்ஸ் தீட்டும் வேலை. கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியில் கையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஊக்கு போட்ட ஓட்டை இல்லை. ஒட்டின தடம்கூட இல்லை.

ஏமாற்றிவிட்டார்களா? என் ஊக்கு இறங்கியது எனக்குத் தெரியாதா?

மார்ச் 16, சனி

பங்களாவின் பழைய மெக்கானிக்கைக் கண்டுபிடித்தேன். இப்போது தண்ணீர் பம்பு பழுது பார்க்கிறார். கையை மேசைமேல் வைத்தேன். ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார்.

"ரப்பர் கையா? எந்தக் கேனயன் சொன்னான்? அது நம்ம அக்கா கை தம்பி. கூட்டிப் பெருக்க வந்த பொம்பள. செவுத்துக்குப் பின்னால ஒரு பொந்து, ஒரு முக்காலி, ஒரு வாளி ஐஸ். காலையில பத்து மணிக்கு உள்ள போனா ராத்திரி ஏழு மணிக்குத்தான் வெளிய. வண்டிச் சத்தம் கேட்டா கையை நனைச்சு நீட்டணும். அவ்வளவுதான் மெஷினு."

"காத்து அடைக்கிற மாதிரி எதுவும் இல்லையாண்ணே?"

"காத்தா? அந்தப் பொந்துல மூச்சு விடவே காத்து கிடையாது."

பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அப்படியானால் அந்த ஸ்ஸ்ஸ் —

எழுத முடியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

சங்கத்தில் சொன்னேன். அது உயிருள்ள ஒரு மனுஷியின் கை, ஒன்பது மணி நேரம் ஐஸ் வாளியில் இருந்த கை என்று. கொஞ்சமாவது பேச்சடங்கிப் போவார்கள் என்று நினைத்தேன். லாட்டரி விழுந்த மாதிரி குதித்தார்கள்.

"இன்னும் உயிரோட இருக்காங்களா? அப்போ கையை அச்செடுத்துடலாமே!" என்றார் செயலாளர். எலும்புக்குத் தன் கழுத்தில் தொடச் சொல்லி வீடியோ எடுக்க வேண்டுமாம். ஐஸ் அவனே கொண்டுவருவானாம்.

கறிக்கடையில் தொடையா நெஞ்சா என்று கேட்பதுபோல் கேட்கிறார்கள். சீ! ஆனால் மெக்கானிக்கிடம் வாங்கிய முகவரியை எடுத்துக் கொடுத்தது யார்? நான்தான். கண்டுபிடித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. ஊக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதையை இன்று யாரும் கேட்கவில்லை, சந்தோஷத்தில் மறந்துவிட்டார்கள்.

மார்ச் 21, வியாழன்

அவர்கள் போவதற்குள் நான் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். சொல்லவில்லை.

அக்காவுக்கு அறுபது இருக்கும். பல் டாக்டர் ஒருவரிடம் வாசலில் உட்கார்ந்து பேர் எழுதிக் கூப்பிடும் வேலை. "இங்கயும் பயந்தவங்கதான் தம்பி வர்றாங்க. ஒரே வித்தியாசம், நான் யாரையும் தொட வேண்டாம்" என்றார். எழுதுவது இடது கையால். மத்தியான இடைவேளையில் மாடியில் இருக்கும் தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

கேட்காமலே சொன்னார். கடித்தவர்கள் உண்டு. எச்சில் துப்பியவர்கள், மென்ற பபிள்கம்மை ஒட்டியவர்கள் உண்டு. ஒருவன் மோதிரத்தை உருவிக்கொண்டு போனான். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு மூதேவி மட்டும் ஊக்கால குத்திட்டான். எலும்பு வரைக்கும் இறங்கிடுச்சு. லீவு போட்டா வேற ஆளை வச்சிடுவாங்க, மறுநாளும் அதே ஐஸ்ல விட்டேன். சீழ் பிடிச்சு, நரம்பு போயி, இந்த நடுவிரல் அதுலேர்ந்து மடங்குறதில்ல."

"வலிச்சுதா?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியைப் பார்.

"வலிக்காமயா? ஆனா கத்தக் கூடாதே. கத்தினா உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சு போயிடும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்துக்கணும்." இழுத்துக் காட்டினார். ஸ்ஸ்ஸ்.

இருபத்தேழு வருடமாக நான் மேடை போட்டுச் சொல்லிச் சிரிக்கவைத்த அதே சத்தம். தண்ணீரைக் குடித்து முடித்தேன். அச்செடுப்பது பற்றிக் கேட்டேன். "கையைத்தானே கேக்கறாங்க, கழுத்தையா கேட்டாங்க? வரச் சொல்லு தம்பி" என்றார்.



மார்ச் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்காவின் அறையில் செயலாளர், எலும்பு, நான். கேட்காமலே அக்கா முகம் கழுவும் பேசினை எடுத்து அதில் அச்செடுக்கும் சாந்தைக் கரைத்தார்கள். அக்கா வலது கையை மணிக்கட்டு வரை அதற்குள் வைக்கப் போனபோது செயலாளர் தடுத்துப் பிடித்துக்கொண்டார். டார்ச் அடித்து விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல. நடுவிரலில் அந்தத் தழும்பு.

"இது எப்படிம்மா வந்துச்சு?"

"ஒருத்தன் ஊக்கால குத்தினான்."

செயலாளர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் பார்த்ததே இல்லை. "அட, தம்பி! இது உன் ஊக்குப்பா! ஆதாரம் கிடைச்சிடுச்சு! அம்மா, அந்தப் பையன் இவன்தான்! டேய் எலும்பு, கேமராவை எடு. ரெண்டு பேரும் பக்கத்துல நில்லுங்க. யார்கிட்டயாவது ஊக்கு இருக்கா?"

எலும்பு நிஜமாகவே சட்டைப்பையில் ஊக்கு தேடினான்.

அக்கா சாந்து பேசினைத் தள்ளிவிட்டார். தரையெல்லாம் வெள்ளை. "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார், சத்தம் போடாமல். நானும் நகர்ந்தேன். "நீ இரு."

கதவு சாத்தியதும் கேட்டார்: "ஏன் குத்தின?"

"ரப்பர்னு நினைச்சேன்க்கா."

"சரி, ரப்பர்தான். ரப்பர்னா ஏன் குத்தின?"

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எல்லாரும் பயந்த ஒன்றை நான் குத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அவ்வளவு கேவலம்.

தரையைச் சுரண்டித் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். குழாயடியில் இரண்டு போர்வை ஊறிக் கிடந்தது. "இந்த விரலை வச்சுக்கிட்டுப் பிழிய முடியல. அலசிப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டுப் போ. அடுத்த ஞாயிறும் வா." தம்பி என்று சொல்லவில்லை.

தெருமுனையில் செயலாளர் காத்திருந்தார். கீழே கொட்டின சாந்தில் அக்காவின் விரல் தடம் ஏதாவது விழுந்திருந்ததா, பொறுக்கிக்கொண்டு வந்தேனா என்று கேட்டார்.

மார்ச் 26, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். "நீங்க என்கிட்ட சொன்ன முதல் கதையே அதுதானே? நானும் விழுந்து விழுந்து சிரிச்சேனே" என்றாள்.

மார்ச் 31, ஞாயிறு

போர்வை ஒன்று, துண்டு நாலு. அக்கா கொடியைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

சங்கச் சுவரிலிருந்து என் வரைபடத்தைக் கழற்றப் போனேன். சங்கத்துச் சொத்தாம், தொடக் கூடாதாம். "கதை இப்பதான்டா சூடு பிடிச்சிருக்கு" என்கிறான் எலும்பு. கழற்றிக் கிழித்தேன். என் பேரையும் அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

ரப்பர் கையைக் குப்பையில் போட்டேன். குப்பை வண்டிக்காரர் பதறிப்போய்க் கதவைத் தட்டினார்: "சார், உள்ள ஒரு கை கிடக்கு சார்!"

"ரப்பர்தாங்க."

"அப்படியா?" கம்பியை ஓங்கினார், குத்திப் பார்க்க.

"குத்தாதீங்க!" தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

போர்வை இரண்டு, திரைச்சீலை ஒன்று. தண்ணீர் சில்லென்று இருந்தது. அரை மணி நேரத்தில் விரல்நுனி வெளுத்துச் சுருங்கி, யாருடைய கையோ மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது மணி நேரம் என்றால் எப்படி இருந்திருக்கும்?

வாளிக்குக் குனியும்போதெல்லாம் பின்கழுத்து கூசுகிறது. அக்கா பின்னால்தான் நிற்கிறார், ஈரக் கையோடு. எனக்குத் தெரியும். ஒரு முறை தொட்டுவிட்டால் தேவலை என்றுகூட இருக்கிறது. தொடுவதில்லை. இன்னும் தம்பி என்று கூப்பிடுவதும் இல்லை.

கொடியில் போட்ட திரைச்சீலையின் முனையைப் பிடித்துப் பார்த்தார்.

"சொட்டுது. இன்னும் முறுக்கு."

இறக்கி, இன்னும் முறுக்கினேன்.