சிமெண்ட் பூச்சு

மகளுக்கு,

உன் வீட்டு மண்சுவர் மழையில்தான் விழுந்தது என்று தெருவில் சொல்லிவருகிறேன். அதை மாற்றமாட்டேன்.

நேற்று இடிபாட்டை அள்ளினோம். நான் பூசிய சிமெண்ட் ஓடுபோல முழுசாகக் கிடந்தது. உள்ளே அடைபட்ட ஈரத்தில் மண் கூழாகியிருந்தது. "மண்சுவர் மூச்சு விடணும் மாமா, சிமெண்ட் வேணாம்" என்று பூசிய அன்றே உன் கணவர் சொன்னார். "மூக்கும் வச்சுத் தரவா, மாப்பிள்ளை?" என்று வேலையாட்கள் முன்னால் கேலி செய்தேன்.

நேற்று அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. "வெயில் ஏறுது, நிழல்ல உட்காருங்க மாமா" என்றார். திட்டியிருக்கலாம்.

தொட்டில் அந்தச் சுவரோரம்தான் இருந்ததாமே. நல்லவேளை, நீ குழந்தையோடு வாசலில் இருந்தாயாம். அதற்கு மேல் எழுத ஓடவில்லை.

புதுச் சுவருக்கு மண்பூச்சுதான். பூச்சுக் கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் கைவலி என்று சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

அப்பா