உனக்கு வாசிக்காமல் விட்ட நோட்டீஸ்

மச்சாள்,

அலுமாரியில் கிடந்த கம்பளிச் சட்டையை வெயிலில் போடுவோம் என்று எடுத்து உதறினேன். மடிப்புக்குள்ளிருந்து ஒரு காய்ந்த குழை விழுந்தது. நாலு சின்ன இலை, ஓரமெல்லாம் அரிவாள் பல்லுப் போல. மணந்து பார்த்தேன். நம்முடைய காட்டு மணம் அதில் இல்லை. போன ஆடி மாதம் சுவீடனுக்கு மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் முறித்த குழை அது. முறித்ததற்கு ஏச்சும் வாங்கினேன்.

அந்தக் கதையை உனக்குச் சொல்லவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாய்த்தான் வரும். நீ குறை பிடிக்கமாட்டாய். உனக்கு உன் பெயரே எழுதத் தெரியாது.

மகன் லீவு எடுத்து, தேசியப் பூங்கா காட்டப் போகிறேன் என்றான். பூங்கா என்றால் பூமரமும் குந்தியிருக்க வாங்குப் பலகையும் இருக்கும் என்று நினைத்து நான் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு காரில் ஏறினேன். மூன்று மணித்தியாலம் ஓடி இறங்கினால், காடு. வெறும் காடு. "காட்டுக்குள்ள பிறந்த என்னை, காட்டைப் பார்க்கவோடா பிளேனில கூப்பிட்டனீ?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். சிரிக்கும்போது உன் அண்ணரின் வாய்தான் அவனுக்கு.

ஒன்றல்ல, மூன்று பூங்கா காட்டினான். முதலாவது முழுக்கச் சதுப்பு. அதற்கு மேலே இரண்டு இரண்டு பலகையாகப் போட்டுப் பாதை விட்டிருந்தார்கள். சனம் பலகையை விட்டு இறங்கி நின்று படம் எடுத்தது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பலகையை விட்டு ஒரு விரலும் வெளியே வைக்காமல் நடந்தேன். "அம்மா, அது வெறும் சேறு. கால் வைக்கலாம்" என்றான் மகன். அவனுக்கு எங்கே தெரியும். கால் வைக்கலாம் என்று ஒருவன் சொல்லி நம்பிக் கால் வைக்கிற ஆட்களா நாங்கள்? இரண்டாவதில் பெரிய பாறையும் ஒரு ஏரியும். ஏரியைப் பார்த்தபோது நம் குளம் ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது பூங்காவுக்குப் போகிற வழியில் எனக்கும் பேத்திக்கும் கொழுவல். முழங்கால் கிழிந்த காற்சட்டை போட்டிருந்தாள். தைக்க ஊசி இல்லாத வீடோ என்று கேட்டேன். பதினாலு வயது, என்னைப் போலவே ரோசக்காரி. காதுக்குள் வயரைச் செருகிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டாள்.

காட்டு வாசலில் ஒரு பெரிய போர்ட். மகன் காரை நிற்பாட்டப் போய்விட்டான். நான் போர்ட்டுக்கு முன்னால் நின்று பார்த்தேன். ஒரு எழுத்தும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற பேத்தியிடம், "பிள்ளை, என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் மச்சாள், அது உன் குரல் என்று எனக்குத் தெரிந்தது. சங்கக்கடைச் சுவரிலும், பஸ்ஸின் நெற்றியிலும், மருந்துப் போத்தலிலும் நீ விரலை வைத்து வைத்துக் கேட்ட கேள்வி. "என்ன மச்சாள் எழுதியிருக்கு?" நான் வாசித்துச் சொல்வேன். ஒரு சொல் விடாமல் அப்படியே உன் தலைக்குள் வைத்திருப்பாய்.

பேத்தி போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை.

சரி போ என்று நானும் விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் வாசலில் நின்ற வெள்ளைத்தோல் மரத்தில் ஒரு குழை முறித்தேன். காட்டுக்குள் இறங்கமுன் ஐயனாருக்கு ஒரு குழை முறித்துக் கொப்பில் தொங்கவிடாமல் நீயும் நானும் ஒருநாளும் போனதில்லை. தொங்கவிடக் கையைத் தூக்குகிறேன், அந்த வழியால் வந்த ஒரு வெள்ளைக்காரி நின்று ஏதோ சொன்னாள். மகன் ஓடிவந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு என்னிடம் திரும்பி, "ஏனம்மா முறிச்சனீங்கள்? முறிக்கக்கூடாதெண்டு போர்டில எழுதியிருக்கெல்லே" என்றான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதெல்லே" என்றேன். குழையைக் கம்பளிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

உள்ளே கொஞ்சத் தூரத்தில் நெருப்பு மூட்ட ஒரு இடம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கொட்டில். அதற்குள் கூரை முட்ட விறகு, மச்சாள். கொத்திப் பிளந்து, காயவைத்து, அடுக்கிய விறகு. யாரும் எடுத்து எரிக்கலாமாம். மகன் கை நிறைய அணைத்துக் கொண்டுவந்து மூட்டினான். எனக்கு ஒரு துண்டைத் தூக்கி நெருப்புக்குள் வைக்கக் கை வரவில்லை. நீ ஒரு கட்டு விறகுக்குச் செத்தவள்.

அப்போது பேத்தி வந்து என் அருகில் குந்தினாள். காதில் வயர் இல்லை. "அப்பம்மா, போர்டில என்ன இருந்ததெண்டு எனக்குத் தெரியும். கோவத்தில சொல்லேல்ல. சொறி" என்றாள்.

அரை மணித்தியாலம். அவளுக்கு அரை மணித்தியாலம்தான் எடுத்தது.

இனி என்னுடையதைச் சொல்கிறேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன பஸ்ஸில், ஊர்ச் சனம் முழுக்கக் கேட்க, நீ சொன்னாய்: "உன்ர பெடியன் பனிக்குள்ள ஒளிச்சிருக்கிறான். என்ர பெடியன் மண்ணுக்குள்ள." முன் சீற்றில் இருந்தவள் சிரித்தாள். அவளோடு நான் இன்றுவரைக்கும் கதையில்லை. நீ சொன்னது பொய்யென்றால் எனக்கு அவ்வளவு நொந்திராது. சண்டைக்காலத்தில் நான் என் பிள்ளையை வெளிநாட்டுக்கு ஒளித்து அனுப்பினேன். நீ அனுப்பவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததை நீ ஏன் பஸ்ஸில் சொன்னாய்? அன்று பொழுதுபடமுன்னம், நம் இரண்டு வளவுக்கும் நடுவே, நாம் புகுந்து போய்வர வேலியில் விட்டிருந்த பொட்டை முள்ளுக்கொப்பு வைத்து அடைத்தேன். மூன்று மாதம் உன் முகம் பார்க்கவில்லை.

அந்த மூன்று மாதம் முடிகிற கிழமை சங்கக்கடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குளக்கட்டுக்கு மேற்கே காடு இன்னும் மிதிவெடி பார்த்து முடியவில்லை, விறகுக்குப் போகவேண்டாம் என்று. காட்டுக்கரையில் போர்ட் பிறகுதான் நட்டார்கள், நீ போன பிறகு. நம் ஒழுங்கையில் கடைசி வீடுகள் உன்னதும் என்னதும். கடையில் நின்ற பிள்ளை என்னிடம், "அக்கா, உங்கட மச்சாளிட்டயும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றாள்.

நான் "ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். முள்ளுக்கு அந்தப் பக்கம் நீ ஆட்டை ஏசிக்கொண்டு நின்றாய். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். அவளே வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்தநாள் காலை நீ சும்மாடும் கத்தியும் கொண்டு மேற்கே போனதைக் குசினி யன்னலால் கண்டேன். கண்டேன், மச்சாள். வெடி கேட்டபோது என் கையில் அகப்பை இருந்தது.

நாங்கள் ஓடிவந்தபோது காட்டு வாசலில் நீ முறித்துத் தொங்கவிட்ட குழை இன்னும் வாடவில்லை. உன்னை உழவு மெசின் பெட்டியில் கிடத்தினார்கள். உன் தலை என் மடியில். பாதி வழியில் கண்ணைத் திறந்து, "அங்க ஒண்டும் எழுதியிருக்கேல்லையே மச்சாள்" என்றாய். மூன்று மாதத்துக்குப் பிறகு நான் உன்னோடு கதைத்த முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அதே "ஓம்"தான். ஆசுபத்திரி வாசலுக்கு முன்னமே நீ போய்விட்டாய்.

கடையில் நின்ற பிள்ளை பிறகு கலியாணம் கட்டி வவுனியாவுக்குப் போய்விட்டாள். போகமுதல் ஒருநாளும், சொன்னீங்களோ என்று என்னைக் கேட்கவில்லை. நான் சொல்லியிருப்பேன், நீதான் கேட்டிருக்கமாட்டாய் என்று ஊர் நினைத்தது. உன் பிடிவாதம் ஊருக்குத் தெரியும். நானும் அப்படியே நினைக்க விட்டேன்.

அதற்குப் பிறகு எந்த நோட்டீஸைக் கண்டாலும் நின்று உரத்து வாசிக்கிறேன். கரண்ட் வெட்டு, மாட்டுக்கு ஊசி, ஆர் செத்தது, எல்லாம். பெடியள் எனக்கு நோட்டீஸ் ஆச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் நான் ஏறினால், "ஆச்சி, இண்டைக்கு என்ன நியூஸ்?" என்று நக்கல். வாசித்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.

உன் மகள் உன் வீட்டில்தான் இருக்கிறாள். என்னை மாமி மாமி என்று சுற்றிவருகிறாள். எனக்குக் காய்ச்சல் என்றால் ஒழுங்கையால் சுற்றி, வாசல் படலையால் வந்து கஞ்சி தருகிறாள். இந்தப் பொட்டைத் திறந்துவிடுங்கோ மாமி, நடை மிச்சம் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். ஆடு வந்து கன்றைத் தின்னும் என்று சாட்டுச் சொன்னேன். அவளிடம் இப்போது ஆடே இல்லை.

சுவீடன் குழையை உன் காட்டு வாசலில் தொங்கவிடலாம் என்று வந்தவுடன் போனேன். எல்லைக்கல் நட்டு, உட்செல்லத் தடை என்று புதுப் போர்ட் போட்டிருக்கிறார்கள். உரத்து வாசித்துவிட்டுத் திரும்பி வந்து, குழையைப் பழையபடி சட்டை மடிப்புக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் நீ சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நான் செய்ததை நீ மன்னிக்கவேண்டும் என்றும் கேட்கமாட்டேன். உன்னை எனக்குத் தெரியும்.

இன்று காலை பொட்டிலிருந்த முள்ளுக்கொப்பை இழுத்து எறிந்தேன். கையெல்லாம் கீறல். குழையை அந்த வேலிக் கதியாலில் கட்டிவிட்டேன். உன் மகள் முற்றத்தில் நெல் பரவிக்கொண்டு நிற்கிறாள். பொட்டைக் கண்டுவிட்டாள். "என்ன மாமி, திறந்திட்டீங்கள்" என்று கேட்டு, அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கடுதாசியை மடித்து நெருப்பில் போட்டால் உனக்கு வந்துசேரும் என்று சொல்வார்கள். வந்தால் என்ன, உனக்கு வாசிக்கத் தெரியாது. உரத்துத்தான் வாசிக்கவேண்டும்.

பொட்டடியில் நிற்கிறேன். மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டேன். அவளுக்கும் கேட்கும்.