குஞ்சுகளுக்கு இருட்டு வேண்டும்

12.3.84, திங்கள்

கோமாளி மீன் முட்டைகளுக்குள் வெள்ளி வெள்ளியாய்க் கண்கள் மின்னுகின்றன. அறை இருட்டானால்தான் குஞ்சு பொரிக்கும். நேற்றே பொரித்திருக்க வேண்டும். ஆனால் கடலுக்குப் போன அவர் திரும்பும்வரை இந்த வீட்டில் விளக்கை அணைப்பதில்லை. "மீனு பெர்சா, எம்புள்ள பெர்சா?" என்று மாமியார் கேட்டதும் விளக்கை அணைக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். ஆண் மீன் மட்டும் ஓயாமல் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தது. தொட்டித் தண்ணீரின் வெளிச்சம் சுவரெல்லாம் அலைந்தது. இன்னும் ஓர் இரவு போனால் எல்லாம் செத்துவிடும்.

இப்போதுதான் வந்தார், உப்புத் தலையோடு. சோறுகூடக் கேட்காமல் தொட்டியருகே குந்தினார்.

"இன்னாமே, இன்னும் பொரிக்கலியா?"

"நீ வர்றதுக்குத்தான் காத்துனு கீதுங்க."

சிரித்தபடியே தூங்கிவிட்டார். இரண்டு நாளாகப் பயந்த இருட்டு இப்போது இனிக்கிறது. எழுதியது போதும். விளக்கை அணைக்கப் போகிறேன்.